ரிக்கவரியை அழித்தால் சி டிரைவில் இடம் கிடைக்குமா?

ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கணக்கு எழுதும் லேப்டாப்பில் விண்டோஸ் 11, 256 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் எப்பப் பார்த்தாலும் சிவப்பாக நிற்கிறது. சர்வீஸ் கடைத் தம்பி, 'ரிக்கவரி சும்மா இடத்த அடச்சுட்டுக் கெடக்குதுங்ணா, தூக்கிரலாம்' என்று 1,500 ரூபாய் கேட்கிறார். எடுத்துவிடலாமா?"

வேண்டாமுங்க. ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். ரிக்கவரி என்று எழுதிய கட்டம், விண்டோஸ் கிளம்பாதபோது சரிசெய்யும் கருவி இருக்கும் தனிப் பகுதி (பார்ட்டிஷன்). அதன் அளவு பெரும்பாலும் 500 எம்பியிலிருந்து 1 ஜிபிக்குள்தான் இருக்கும். அதை அழித்துக் கிடைக்கும் இடத்தில் ஒரு கல்யாண வீடியோ கூட உட்காராது. அதன் மேல் வலது கிளிக் செய்தால் டெலிட் என்றே வராது, ஹெல்ப் மட்டும்தான் வரும். கைவைக்காதே என்று விண்டோஸே சொல்கிறது. கடைக்காரர் கமாண்டு போட்டு வலுக்கட்டாயமாகப் பிடுங்குவார். அப்புறம் ஒரு நாள் விண்டோஸ் கிளம்பாமல் நின்றால், சரிசெய்யும் கருவி உள்ளே இருக்காது. திரும்ப அதே கடைதான், இந்த முறை ஃபார்மேட்டுக்குக் காசு.

உங்களுக்கு இடத்தைத் தின்பது ரீஸ்டோர் பாயின்ட்களாக இருக்கலாம். அது வேறு சமாச்சாரம்: விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப எடுத்து வைக்கும் பதிவு. தேடும் கட்டத்தில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று அடித்து, சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகர் அழுத்துங்கள். மேக்ஸ் யூசேஜ் என்ற கோட்டை 5 சதவீதத்துக்கு இழுங்கள். 256 ஜிபியில் அது சுமார் 12 ஜிபி, தாராளம். கீழே இருக்கும் டெலிட்டை அழுத்தினால் பழையவை எல்லாம் போய்விடும். உடனே புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ரீஸ்டோர் செய்தால் அழிந்த மண்டிக் கணக்கு திரும்பி வராது. அதற்குத் தனியாகப் பென்டிரைவில் நகல் வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. லேப்டாப்பை வாங்கிய அன்று விண்டோஸில் யாருடைய மெயில் ஐடி போட்டார்கள்? அவசரத்துக்குக் கடைப் பையன் தன் ஐடியையே போட்டுவிடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவி போட்டுப் பூட்டும் வசதி) தானாகவே ஆன் ஆகியிருந்தால், ரிக்கவரிக்குள் போகும்போது 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி அவன் கணக்கில் இருக்கும். அவன் கடையை மாற்றிவிட்டால் உங்கள் கணக்கு வழக்கு எல்லாம் போச்சு. இன்றைக்கே உங்கள் சொந்த ஐடியில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

ரிக்கவரியை நிஜமாகவே எடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 256 ஜிபியைக் கழற்றி 512 ஜிபி போட்டு, பழையதை அப்படியே குளோன் செய்தால், புதிதாகக் கிடைத்த இடத்துக்கும் சி டிரைவுக்கும் நடுவில் ரிக்கவரி குந்திக்கொள்ளும். சி-யை விரிக்கும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே நிற்கும். இங்கேயும் நேராக அழிக்கக் கூடாது. அட்மின் கமாண்டு பிராம்ப்ட்டில் ரீஏஜென்ட்சி, ஓர் இடைவெளி, ஸ்லாஷ், டிசேபிள் (reagentc /disable). இதை அடித்தால் கருவியின் கோப்பு சி டிரைவுக்குள் பத்திரமாக வந்துவிடும். அதன் பிறகுதான் பார்ட்டிஷனை அழிக்க வேண்டும். சி-யை விரிக்கும்போது கடைசியில் 1 ஜிபி விட்டு, அதில் புதிய ரிக்கவரி பார்ட்டிஷன் அமைத்து, அதே கமாண்டை எனேபிள் என்று அடிக்க வேண்டும். முதல் படியைத் தாண்டிக் குதித்தால் கோப்பும் பார்ட்டிஷனோடு போய்விடும். அப்புறம் விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைலிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

இந்தக் கூத்தெல்லாம் சாதாரண மனிதன் செய்யக்கூடியதா? 2024 ஜனவரியில் வந்த ஒரு அப்டேட், ரிக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் இல்லை என்று பல கம்ப்யூட்டர்களில் தோற்றது. அதற்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி, கமாண்டு அடித்து நீங்களே பார்ட்டிஷனைப் பெரிதாக்குங்கள் என்பது. அவர்கள் அளந்து வைத்த பார்ட்டிஷனுக்கு மண்டிக்காரர் ஆசாரி வேலை பார்க்க வேண்டுமாம்!

டிஸ்க் மாற்றும் வேலையைக் கடையில் கொடுத்தால், முடிந்ததும் உங்கள் கண் முன்னால் ரீஏஜென்ட்சி, ஸ்லாஷ், இன்ஃபோ அடிக்கச் சொல்லுங்கள். முதல் வரியில் எனேபிள்டு என்று வந்த பிறகு காசை எடுங்கள்.