பஸ்ஸில் ஏற்றிய ஆர்டர் இரண்டு தடவை இறங்கினால்?

கேள்வி: மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் எங்கள் மொத்த வியாபாரக் கிடங்கு. ரோஸ் ஹில், கியூர்பிப், ரொட்ரீக்ஸ் தீவு மூன்றிலும் கடைகள். கடையில் ஆர்டர் போட்டால் மென்பொருள் நேரடியாகக் கிடங்கு சர்வரைக் கூப்பிடும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது லைன் போய், சில ஆர்டர்கள் தொலைந்தன, சில இரண்டு தடவை வந்தன, பருப்பு மூட்டைக் கணக்கு இன்றுவரை ஒத்துப்போகவில்லை. "மெசேஜ் பஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் மென்பொருள் செய்து தந்தவர். ஆகுமா? அதற்கான மென்பொருள்களில் ராபிட்எம்கியூவா, காஃப்காவா?
ரோஸ் ஹில் வாசகர்

பதில்: பாதி சரியாகும். மீதிப் பாதி உங்கள் நிரலில் இருக்கிறது, அதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நேரடியாகக் கூப்பிடும்போது கடையும் கிடங்கும் ஒரே நொடியில் விழித்திருக்க வேண்டும். நடுவில் மெசேஜ் பஸ், அதாவது செய்திகளை வாங்கி வரிசையில் வைத்துக் கொடுக்கும் ஒரு மென்பொருள், இருந்தால் கடை செய்தியைப் போட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கலாம், கிடங்கு எழுந்ததும் எடுத்துக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் அந்த பஸ்ஸையே போர்ட் லூயிஸில் நிறுத்தி வைத்திருந்தால், லைன் போன அன்று கடை அதுவரைக்கும் எப்படிப் போகும்?

அதனால் கடையின் சொந்த டேட்டாபேஸில், ஆர்டரைப் பதியும் அதே பரிவர்த்தனையில், 'அனுப்ப வேண்டியவை' என்ற அட்டவணையிலும் ஒரு வரி எழுத வேண்டும். பதிந்தால் இரண்டும் பதியும், இல்லையென்றால் இரண்டுமே பதியாது. ஒரு சின்ன நிரல் அந்த அட்டவணையைப் பார்த்துப் பார்த்து அனுப்பும், பஸ் 'வாங்கிக்கொண்டேன்' என்ற பிறகுதான் வரியை நீக்கும். இதற்கு அவுட்பாக்ஸ் என்று பெயர். ரொட்ரீக்ஸுக்கு 2019-ல் கடலடிக் கேபிள் வந்துவிட்டது, உண்மை, ஆனால் கேபிளும் அறுபடும்.

இனி அந்த இரட்டை ஆர்டர். கடை அனுப்பியது, பஸ் வாங்கியது, 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதில் வரும் வழியில் லைன் போனது. செய்தி போகவில்லையா, பதில்தான் வரவில்லையா? கடையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளானாலும். மறுபடி அனுப்பாவிட்டால் தொலையலாம், அனுப்பினால் இரட்டிக்கலாம். இரட்டிப்பதே மேல், அதைப் பிடித்துவிடலாம்.

எப்படி? பழைய சீனர் கடை கார்னே ஞாபகம் இருக்கிறதா, மாதக் கடன் எழுதும் அந்தச் சின்ன நோட்டு? ஒரே தேதியில் 'எண்ணெய் 1 லிட்டர்' என்று இரண்டு வரி இருந்தால், அம்மா இரண்டு தடவை வாங்கினாரா, கடைக்காரர் கை தவறி இரண்டு தடவை எழுதினாரா? வரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒரு சீட்டு எண் இருந்தால் முடியும். அதேபோல் ஆர்டர் பிறக்கும்போதே கடை ஒரு தனி எண்ணைக் கொடுக்கட்டும், எத்தனை தடவை மறுபடி அனுப்பினாலும் அதே எண். கிடங்கு இருப்பைக் கழிக்கும் அதே பரிவர்த்தனையில் அந்த எண்ணையும் பதியட்டும், ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாமல் 'முடிந்தது' என்று சொல்லிவிடட்டும். 'முடிந்தது' என்பதைப் பதிந்த பிறகுதான் சொல்ல வேண்டும், கையில் வாங்கியவுடனே அல்ல. முன்னாலேயே சொல்லிவிட்டு நடுவில் கரண்ட் போனால் அந்த ஆர்டர் போயே போச்சு.

ராபிட்எம்கியூவே போதும். அதில் வரிசையும் நிலைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு செய்தியும் வட்டில் எழுதப்பட வேண்டும், இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு சர்வரை அணைத்து ஏற்றியதும் "செய்திகள் எங்கே?" என்று தேடியவர்களில் நானும் ஒருவன். எத்தனை தடவை முயன்றாலும் தோற்கும் செய்தியைத் தனி வரிசைக்கு ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் அது திரும்பத் திரும்ப வந்து மற்ற வேலையைக் கெடுக்கும். அந்தத் தனி வரிசையைத் தினமும் ஒருவர் திறந்து பார்க்கவும் வேண்டும்! காஃப்கா லிங்க்ட்இன்னில் உருவாகி 2011-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. படித்த செய்தியையும் வழக்கமாக 7 நாள் வைத்திருக்கும், திரும்பப் படிக்கலாம். அருமையான சாமான், மூன்று கடைக்கு அதிகம்.

நவம்பரில் புயல் பருவம் தொடங்குமுன் ஒரு நாள் கடையின் நெட் வயரைப் பிடுங்கி 10 ஆர்டர் போடுங்கள். வயரைச் செருகி, செய்திகள் போய்க்கொண்டிருக்கும்போதே கிடங்கு சர்வரையும் ஒரு தடவை அணைத்து ஏற்றுங்கள். பிறகு கிடங்கில் எண்ணிப் பாருங்கள். 9 என்றாலும் 11 என்றாலும் பில்லைக் கட்டாதீர்கள்.

கேள்வி: மெசேஜ் பஸ்ஸுக்கு ஏன் பஸ் என்று பெயர்?
கியூர்பிப் மாணவி

பதில்: கணினிப் பலகையில் எல்லாப் பாகங்களும் பொதுவாகப் பயன்படுத்தும் மின்தடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். மும்பையில் பிறந்த விவேக் ரனடிவே 1980-களில் அந்த எண்ணத்தை மென்பொருளுக்குக் கொண்டுவந்து, பங்குச் சந்தைத் தகவல்களை அதில் ஓட விட்டார். பெயரின் வேர் லத்தீன் 'ஆம்னிபஸ்', 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். நீங்கள் கியூர்பிப்பில் ஏறும் பஸ்ஸுக்கும் அதே வேர்தான்.