வாசகர் கேள்வி – பதில்: பூஞ்சணக் கசெட்டும் டப் டப் படகும்

பழைய விளையாட்டுச் சாமான், பழைய சிறுவர் நிகழ்ச்சி பற்றி வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். வாசித்துப் பார்த்தால் பழுதுக்குக் காரணம் சாமானின் வயது மட்டுமல்ல, ஈரமும் உப்புக் காற்றும்கூட. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நம் அலுமாரி.

கேள்வி: வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக்கில், ரீவியில் போன சிறுவர் நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்த பன்னிரண்டு கசெட் இருக்கின்றன. சில கசெட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் வெள்ளையாகப் பொடி தெரிகிறது. டெக் இன்னும் வேலை செய்கிறது. போட்டுப் பார்க்கலாமா? கணினியில் ஏற்றி வைக்க முடியுமா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: போடாதீர்கள். அந்தப் பொடி பூஞ்சணம். ஒரு கசெட்டைப் போட்டால் அது டெக்கின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதியில்) ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் பரவும். முதலில் பன்னிரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பொடி உள்ளவற்றை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.

அடுத்த வேலை ஈரத்தை எடுப்பது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் இரண்டு வாரம் மூடி வையுங்கள். அரிசி போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள், தவிட்டுத் தூசிதான் மிச்சம். வெயிலில் காயவைப்பதும் கூடாது. பெட்டி வளையும், நாடா இழுபடும். மாரியில் இந்த வேலையைத் தொடங்குவதைவிட வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் செய்தால் பாதிச் சிரமம் குறையும்.

ஈரம் போனால் பூஞ்சணம் உதிரக்கூடிய தூளாகிவிடும். அதன்பின் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு திறவுங்கள். கசெட்டைக் கவிழ்த்தால் அடியில் பொதுவாக ஐந்து திருகாணி இருக்கும். அவற்றைக் கழற்றி, திரும்ப நிமிர்த்தி வைத்த பிறகே மேல்மூடியைத் தூக்க வேண்டும். கவிழ்ந்தபடியே திறந்தால் நாடாச் சுருளும் சின்னச் சுருள்கம்பிகளும் தரையில் கிடக்கும். நாடா எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று முதலில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு மென்மையான தூரிகையால் சுருளின் இரு பக்கத்தையும் தட்டிவிட்டு, திரும்ப மூடிப் பூட்டுங்கள். தண்ணீரோ ஸ்பிரிட்டோ நாடாவில் படக்கூடாது.

முதல் ஓட்டத்தை உங்கள் நல்ல டெக்கில் செய்ய வேண்டாம். பழைய சாமான் கடையில் படம் சரியாக வராத டெக் மலிவாகக் கிடைக்கும். அதில் முன்னும் பின்னும் ஒரு தடவை முழுதாகச் சுற்றி எடுங்கள். அதற்குப் பிறகே நல்ல டெக்.

ஹெட் துடைக்கிற முறையில்தான் பலர் டெக்கைக் கொல்கிறார்கள். பஞ்சுக் குச்சி வேண்டாம், அதன் நார் ஹெட்டின் நுனியில் சிக்கி முறித்துவிடும். தடித்த வெள்ளைக் கடதாசித் துண்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து, டெக்கினுள் ஹெட் பொருத்திய உருளையில் அசையாமல் பிடித்து, மறுகையால் உருளையின் மேற்பகுதியை மெதுவாகச் சுற்றுங்கள். கடதாசியை மேலும் கீழும் இழுக்கவே கூடாது.

கணினியில் ஏற்றுவதற்கு டெக்கின் படத்தையும் சத்தத்தையும் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி கப்சர் கருவி போதும். மஞ்சள் வயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. அமைப்பில் பால் (PAL) எனும் நம் நாட்டு ரீவி முறை, 720×576, செக்கனுக்கு 25 பிரேம் என்று தெரிவுசெய்யுங்கள். இது தவறி வட அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் (NTSC) இருந்தால் படம் உருளும், அல்லது கறுப்பு வெள்ளையாக வரும். கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய கசெட் கலந்திருந்தால் அது மட்டும் என்டிஎஸ்சியாக இருக்கும். வளைகுடாவிலிருந்து வந்த டெக்குகளில் பல எல்லா முறைகளையும் ஓட்டுபவை என்பதால், வாப்பாவின் டெக்கை விற்றுவிடாதீர்கள்.

பதிவு பாதியில் நின்றால் டெக்கைக் குறைசொல்லும் முன் பென் டிரைவைப் பாருங்கள். ஃபாட்32 முறையில் போர்மட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. நல்ல தரத்தில் பதிந்தால் அந்த எல்லை ஒரு மணித்தியாலம் அளவில் வந்துவிடும். கணினியின் உள் டிஸ்கில் பதிந்து பிறகு மாற்றுவதே சரி. சத்தமும் படமும் விலகிப்போவதும் அதனால் குறையும். இ-180 கசெட் சாதாரண வேகத்தில் 3 மணித்தியாலம், எல்பி எனும் பாதி வேகத்தில் 6. படம் வேகமாக ஓடி குரல் கீச்சென்று கேட்டால், எல்பியில் பதிந்ததை எல்பி இல்லாத டெக்கில் போட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளை ரீவியில் சிங்களத்தில் பார்த்த தெருப் பூனைக் கார்ட்டூன் எது? உண்மையில் அது கலர் படமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அரச ரீவியான ரூபவாஹினியில் போன ‘பிஸ்ஸு பூசா’. மூலம் அமெரிக்காவின் ‘டொப் கெட்’, ஹன்னா–பார்பெரா நிறுவனம் 1961–62இல் தயாரித்த 30 அங்கங்கள். கலர் படம்தான்: பூனை மஞ்சள், தொப்பியும் மேற்சட்டையும் ஊதா. சிங்களத்தில் ஆக்கியவர் டைட்டஸ் தொட்டவத்த. டொக்டர் டூலிட்டில் கார்ட்டூனை ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’ என்றும், பக்ஸ் பனியை ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்றும் தந்தவரும் அவரே. சொல்லுக்குச் சொல் மாற்றாமல் ஊர்ப்பேச்சில் புதிதாகவே எழுதியதால்தான், சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த தமிழ்ப் பிள்ளையும் சிரித்தது என்பது எங்கள் கருத்து.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஜப்பான் உதவியுடன் தொடங்கியபோதே கலர்தான். பால் முறையில் வெளிச்சத் தகவலும் நிறத் தகவலும் தனித்தனியாக வருவதால், கறுப்பு வெள்ளைப் பெட்டி முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். கார் பற்றரியில் ஓட்டிய வீடுகளில் படம் நான்கு ஓரமும் சுருங்கியது நினைவிருந்தால், அது நிகழ்ச்சியின் குறையல்ல. பற்றரி இறங்கியதன் அடையாளம்.

கேள்வி: மாமாங்கத் திருவிழாக் கடையில் வாங்கிய தகர டப் டப் படகு, விளக்கு எரிந்தும் அசையவில்லை. கடைக்காரர் வாளியில் ஓட்டிக் காட்டியபோது ஓடியது. பேரன் விடமாட்டேன் என்கிறான்.
– அம்மம்மா ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: அம்மா, விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கக் குழாய்களைப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே தண்ணீர் நிரப்பாமல் கொளுத்தியதுதான் காரணம்.

படகின் நடுவில் இருப்பது சின்னத் தகரக் கொதிகலன். அதிலிருந்து இரண்டு குழாய் பின்னுக்குப் போகும். படகை மூக்கு கீழே பார்க்கப் பிடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒரு குழாயில் தண்ணீர் விடுங்கள். மற்றக் குழாயால் குமிழி இல்லாமல் தண்ணீர் வழியும்வரை விட வேண்டும். இரண்டு வாயையும் விரலால் மூடி, தண்ணீரில் வைத்த பிறகே விரலை எடுங்கள். இரண்டு வாயும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கி நின்றால் பின்தளத்தில் ஒரு சின்னக் கல்லை வையுங்கள். பிறகு தேங்காயெண்ணெயில் நனைத்த திரி, அல்லது மெழுகுதிரித் துண்டு. மண்ணெண்ணெய் வேண்டாம். கரி பிடிக்கும், தண்ணீரில் கொட்டினால் அதன் மேலேயே மிதந்து எரியும். ஓட அரை நிமிடம், ஒரு நிமிடம் எடுக்கலாம்.

தண்ணீர் கொதித்து ஆவியாகி, குழாயில் உள்ள தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். ஆவி குளிர்ந்து சுருங்க, தண்ணீர் திரும்ப உள்ளே வரும். கொதிகலனின் மேல்தகடு மிக மெல்லியது. அது உள்ளும் வெளியும் அமுங்குவதே அந்த டப் டப். பேரன் ஒருநாள் கேட்கத்தான் போகிறான்: தள்ளிய அளவே தண்ணீரை உறிஞ்சினால் படகு ஏன் பின்னுக்கு வருவதில்லை? வெளியே போகும் தண்ணீர் ஒரே திசையில் பீறிடுகிறது, உள்ளே வரும் தண்ணீரோ வாயைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால் தள்ளுவிசைதான் மிஞ்சும்.

நிரப்பியும் ஓடாவிட்டால் ஈயம் ஒட்டிய இடத்தில் ஓட்டை. ஒரு குழாயை மூடி, மற்றதில் வாயால் ஊதிக்கொண்டு படகைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். தண்ணீர் இல்லாமல் கொளுத்தியதாலேயே அந்த ஓட்டை வந்திருக்கலாம். சாதாரண ஒட்டீயம் 190 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தகடு அவ்வளவு சூடேறாது. ரேடியோ திருத்துபவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

வாவியில் விட ஆசைப்படுவான். விடலாம், ஆனால் வாவித் தண்ணீர் உவர். கொதிகலனுக்குள் உப்புப் படிந்து குழாயை அடைக்கும், தகரம் கறள் பிடிக்கும். விட்டு வந்த அன்றே நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசி, ஊதி, காயவைத்து எடுத்து வையுங்கள்.

கேள்வி: எரிந்துபோன மின்குமிழில் தண்ணீர் நிரப்பி, பிலிம் துண்டைச் சுவரில் படமாகக் காட்டும் பெட்டி செய்தேன். வெளிச்சம் விழுகிறது, படம் கலங்கலாகவே இருக்கிறது.
– வாசகர், திருக்கோவில்

பதில்: பிலிம் தூரமாக இருக்கிறது. 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குமிழில், பிலிம் கண்ணாடியிலிருந்து 3 சென்ரிமீற்றரை விடச் சற்றே கூட, ஏறத்தாழ 3.2இல் இருந்தால் 2 மீற்றர் தள்ளியுள்ள சுவரில் படம் தெளியும். ஒரு 35 மில்லிமீற்றர் சினிமாப் பிலிம் கட்டம் அங்கே 70 சென்ரிமீற்றர் அகலமாக விழும். ஒரு மில்லிமீற்றர் மாறினாலே கலங்கிவிடும், ஆகவே பிலிம் பிடிக்கும் மட்டையை ஒட்டிவிடாமல் நகரும்படி செருகுங்கள். பிலிமைத் தலைகீழாக வையுங்கள். ஓரங்கள் எப்படியும் மங்கலாகத்தான் இருக்கும். குமிழுக்கு முன்னால் 1 சென்ரிமீற்றர் துளையுள்ள கறுத்த மட்டை வைத்தால் வெளிச்சம் குறைந்து கூர்மை கூடும்.

தண்ணீர் தெளிந்ததாக, காற்றுக் குமிழி இல்லாமல் கழுத்துவரை இருக்க வேண்டும். இழை உள்ள பழைய குமிழ் மட்டுமே பாவிக்கலாம். வெள்ளைச் சுருள் குமிழில் பாதரசம் இருக்கிறது, அதை உடைக்காதீர்கள். வேலை முடிந்ததும் குமிழைத் துணியால் மூடுங்கள். தண்ணீர்க் குமிழ் வெயிலைக் குவித்துப் பெட்டியையே கொளுத்திவிடும்.

கேள்வி: பற்றரியில் நடக்கும் பொம்மை அசையவில்லை; உள்ளே பற்றரி கசிந்திருக்கிறது. இன்னொரு பொம்மையின் கை கால் தொட்டால் ஒட்டுகிறது.
– வாசகி, பாண்டிருப்பு

பதில்: வெள்ளைப் பொருக்கு என்றால் பெரும்பாலும் அல்கலைன் பற்றரி; வினாகிரி தொட்ட பஞ்சால் துடையுங்கள். பழைய சாதாரண ரோச் பற்றரியின் கசிவு அமிலத்தன்மை உடையது, அதற்கு அப்பச்சோடாக் குழம்பு. மாற்றிப் போட்டால் பயனில்லை. பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, தகட்டை மெல்லிய அரத்தாளால் பளபளப்பாக்குங்கள். அப்போதும் நடக்காவிட்டால் தகட்டுக்குப் பின்னால் வயர் ஒட்டிய இடம் பச்சை பிடித்து அறுந்திருக்கும்.

ஒட்டும் பொம்மைக்கு முழு மருந்து இல்லை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியே வருகிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் சில மாதம் தாங்கும். பொலித்தீனில் சுற்றி வைக்காதீர்கள், ரெஜிபோமில் படுக்கவும் வைக்காதீர்கள், ரெஜிபோம் கரைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: தென்னோலைக் காற்றாடி சுற்றவில்லை.
– மாணவி, வாகரை

பதில்: நடுத்துளை ஈர்க்கைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். காய்ந்த ஓலை வேண்டாம், அன்று வெட்டியதை எடுங்கள்.

கேள்வி: பழைய ரீவி கேம் பெட்டியை மகனுக்காக எடுத்தேன். சில கசெட்டுக்கு வெறும் சாம்பல் திரை. படம் வரும் கசெட்டிலும், வாத்துச் சுடும் துவக்கு புதிய ரீவியில் ஒன்றையும் சுடவில்லை.
– வாசகர், கல்முனை

பதில்: சாம்பல் திரைக்குக் காரணம் கசெட்டின் அடிப்பகுதியில் உள்ள செப்புப் பற்கள். இந்தப் பெட்டிகளின் மூலமான 1983இன் நின்டென்டோ கேம் பெட்டியான ஃபமிகொம் கசெட்டில் அவை 60. வாயால் ஊதும் பழக்கத்தை விடுங்கள், எச்சில் ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து செப்பைத் தின்னும். அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் செருகுங்கள்.

அடப்டரையும் பாருங்கள். பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி. ஆனால் முனையின் நடுவில் நேரா (+) மறையா (−) என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பெட்டியில் குறித்திருப்பதோடு மல்ட்டிமீட்டரால் ஒப்பிடாமல் வேறு அடப்டர் குத்தாதீர்கள். புதிய ரீவியில் ஏவி வயருக்கு ஒற்றைத் துளை மட்டும் இருந்தால், சில மாற்று வயர்களில் படமும் சத்தமும் இடம் மாறியிருக்கும். மஞ்சளைச் சிவப்பில் மாற்றிக் குத்திப் பாருங்கள்.

துவக்கில் பழுது இல்லை. நீங்கள் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மின்னும். துவக்கின் முனையில் உள்ள உணரி அந்த மின்னலை அதே கணத்தில் பார்க்க வேண்டும். பழைய குழாய் ரீவி கோடு கோடாக உடனுக்குடன் வரையும். எல்சிடி ரீவி படத்தை வாங்கி, சரிசெய்து, சற்றுப் பிந்திக் காட்டும். அதற்குள் துவக்கு ‘தவறிவிட்டது’ என்று முடிவுசெய்துவிடும். எந்த அமைப்பை மாற்றினாலும் இது சரிவராது. திருத்தும் கடைகளில் 14 அங்குலக் குழாய் ரீவி ஒன்று மூலையில் கிடந்தால் கேட்டு வாங்குங்கள். வாங்குமுன் துவக்கைக் கொண்டுபோய் அங்கேயே ஒரு வாத்தைச் சுட்டுப் பாருங்கள்.