அடிமை வணிக வரலாற்று நடை என்றால் என்ன?

ஒரு நகரத்தின் செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பதைத் தெருத்தெருவாக நடந்தே தெரிந்துகொள்வதுதான் இந்த நடை. இங்கிலாந்தின் பிரிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கப்பல்கள் சரக்கோடு மேற்கு ஆப்பிரிக்கா போயின. அங்கே மனிதர்களை ஏற்றிக் கரீபியத் தீவுகளில் விற்றன. சர்க்கரையோடு ஊர் திரும்பின. ஊர்க்காரர் கண்ணில் பெரும்பாலும் பட்டது சர்க்கரைதான். அந்த வரலாறு மறைந்துகிடக்க இது முக்கியக் காரணம். வெள்ளையடித்த பழைய சுவரைச் சுரண்டினால் அடியிலிருக்கும் நிறம் தெரியுமே, அதுபோலத்தான் இங்கே நடப்பதும்.

கிரேட் ஜார்ஜ் தெருவில் கரும்புத் தோட்ட முதலாளி ஜான் பின்னியின் வீடு இன்று அருங்காட்சியகம். அவர் குளிர்ந்த நீரில் முங்கிக் குளிக்கக் கட்டிய தொட்டிகூட அடித்தளத்தில் அப்படியே இருக்கிறது. அவரிடம் அடிமையாக வேலை செய்த பெரோ, கரீபியத் தீவான நெவிஸில் 12 வயதில் தன் தங்கைகளோடு விலைக்கு வாங்கப்பட்டவர். துறைமுகத்தில் 1999-இல் திறந்த நடைபாலத்துக்குப் பெரோவின் பெயரை வைத்தார்கள். கட்டாயம் நின்று பார்க்க வேண்டிய இடம் அது. அப்புறம் செவன் ஸ்டார்ஸ் மதுக்கடை: 1787-இல் தாமஸ் கிளார்க்சன் அடிமை வணிகத்துக்கு எதிராகச் சாட்சியம் திரட்டிய இடம்.

1807-இல் பிரிட்டனில் அடிமைமுறையே ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆண்டு தடைசெய்யப்பட்டது வணிகம் மட்டும்தான், அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் வந்தது, இழப்பீட்டுப் பணமும் முதலாளிகளுக்கே போனது.