பழைய இசைத் திரைப்படங்களின் பாடல் தொகுப்பு ‘விரிவாக்கப் பதிப்பாக’ மறுபடி வருகிறதே, அதில் புதிதாக என்ன இருக்கிறது?

அன்று விட்டுப்போனதுதான் இருக்கிறது. எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். அதனால் பாடல்களைச் சுருக்கி, பின்னணி இசையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுத்தான் வெளியிட்டார்கள். மீதி ஸ்டூடியோ கிடங்கில் கிடந்தது.

அதை மீட்பது லேசான வேலை இல்லை. ஒலியைப் பதிந்துவைத்த, அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த காந்த ஃபிலிம் நாளாக நாளாகச் சுருங்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் ஏறும்.

ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டூடியோ செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாடகருக்கு ஒரு மைக், வாத்தியக் குழுவுக்கு வேறு மைக்குகள் என்று வைத்து, தனித்தனி ஃபிலிம்களில் பதிந்தார்கள். ஸ்டீரியோவுக்காக (இடம், வலம் என்று பிரிந்து கேட்கும் ஒலிக்காக) அல்ல, பிறகு மோனோவாக (ஒற்றை ஒலித்தடமாக) சேர்க்கும்போது ஒலியளவைச் சரிபார்க்கத்தான். இன்று அந்த ஃபிலிம்களை இம்மி பிசகாமல் சேர்த்து ஓட்டினால் உண்மையான ஸ்டீரியோ கிடைக்கிறது! எல்லாம் கைக்கு வராவிட்டால் அந்தப் பாட்டு மோனோதான்.

அப்புறம், படத்தில் வராத குரல்கள். 1950-இல் வந்த ‘ஆன்னி கெட் யுவர் கன்’ படத்துக்கு முதலில் பாடியவர் ஜூடி கார்லண்ட். பிறகு அவர் நீக்கப்பட்டு, பெட்டி ஹட்டன் நடித்தார். கார்லண்ட் பாடியவை ரைனோ நிறுவனத்தின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கின்றன. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் நடிகர் கிறிஸ்டஃபர் பிளம்மருக்குப் பின்னணி பாடியவர் பில் லீ, பிளம்மரின் சொந்தக் குரலை 2023 பதிப்பில் கேட்கலாம்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கினால் பாடகரின் மூச்சும் சேர்ந்தே போய்விடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கும் பதிப்பையே நான் எடுப்பேன்.