மழைத் தரவை வரைபடத்தில் ஏற்றும்போது: கேள்வி பதில்

மழைத் தரவையும் ஜி.ஐ.எஸ்.ஸையும் (இடம் சார்ந்த தரவைக் கணினி வரைபடத்தில் கையாளும் முறை) சேர்த்து வேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி (முதுகலை மாணவி, தூத்துக்குடி): 2023 டிசம்பர் 18 காலையில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவை (நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மழை அளவு தருவது) கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால் அந்த எண்ணைக் காணோம். கோப்பில் பிழையா?

பதில்: பிழை இல்லை. 95 செ.மீ. என்பது ஒரே ஒரு மழைமானி சொன்னது. கட்டம் 0.25 டிகிரி, அதாவது ஒரு பக்கம் சுமார் 27 கி.மீ. சுற்றியுள்ள மழைமானிகளின் அளவும் கலந்துதான் கட்டத்தின் மதிப்பு வருகிறது. அன்று பக்கத்திலேயே இருக்கும் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. உச்சம் இப்படித்தான் கரைந்துபோகும். வெள்ளத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் கட்டத்தின் மேல் மழைமானிப் புள்ளிகளையும் எண்ணோடு வையுங்கள். வண்ணத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இரவின் கடுமை தெரியாது.

அவரே: மாவட்டச் சராசரி எடுத்தால் மைனஸில் வருகிறதே?

பதில்: கடல்மேல் விழும் கட்டங்களில் -999 இருக்கும். தரவு இல்லை என்பதற்கான குறி அது. அதையும் மழை என்று கூட்டியிருக்கிறீர்கள். முதலில் அதை நீக்கிவிட்டு அப்புறம் சராசரி எடுங்கள்.

கேள்வி (பொறியாளர், சென்னை): இஆர்ஏ5 (ஐரோப்பிய வானிலை மையம் கணினி மாதிரியும் பதிவுகளும் சேர்த்து உருவாக்கிய மணிவாரித் தரவு) மழையைக் கூட்டினால் 0.08 என்று வருகிறது. தேதியும் மழைமானியோடு ஒத்துப்போகவில்லை.

பதில்: அது மீட்டரில் இருக்கிறது. 1000-ஆல் பெருக்கினால் 80 மி.மீ. தேதிச் சிக்கல்தான் பலரைக் கவிழ்ப்பது. நம் மழைமானியில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை; முடியும் நாளின் தேதியில் பதிவாகும். காயல்பட்டினத்தின் 95 செ.மீ.யில் பெரும்பகுதி 17-ஆம் தேதி பெய்ததுதான். இஆர்ஏ5 உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் 8.30 அங்கே 03.00 மணி. ஒவ்வொரு மதிப்பும் அதற்கு முந்தைய ஒரு மணி நேர மழை. ஆகவே முந்தைய நாள் 04.00 முதல் இன்று 03.00 வரை 24 மதிப்புகளைக் கூட்டுங்கள்.

கேள்வி (விவசாயி, பொள்ளாச்சி): ஒரு வரைபடத்தில் எங்கள் ஊருக்கு ஆடி மாதத்தில் வால்பாறை மழை காட்டுகிறது. எப்படி?

பதில்: இரண்டு மழைமானிகளுக்கு நடுவே தூரத்தை மட்டும் வைத்து நிரப்பியிருப்பார்கள். அந்தக் கணக்குக்கு மலை தெரியாது. தென்மேற்குப் பருவமழை ஆனைமலையில் கொட்டிவிட்டு இறங்கும்போது உங்கள் பக்கம் கொஞ்சம்தான் மிச்சம். உயரத் தரவையும் சேர்க்க வேண்டும். ஆனால் உயரம் மட்டும் போதாது, சரிவு காற்றைப் பார்த்திருக்கிறதா என்பதும் வேண்டும். அதுவரை உங்கள் ஊர் மழைமானியை நம்புங்கள்.

கேள்வி (ஆசிரியர், மதுரை): கட்டத் தரவு 1901 முதல் இருக்கிறது. கனமழை கூடியதா என்று பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் மழைமானிகளின் எண்ணிக்கையும் மாறியிருக்கிறது; அதனாலேயே கனமழை கூடியதுபோலவோ குறைந்ததுபோலவோ தெரியலாம். எனவே நெடுங்காலம் விடாமல் பதிவு வைத்திருக்கும் நிலையங்களை மட்டும் தனியாக எடுத்து, அவற்றிலும் அதே போக்கு தெரிகிறதா என்று பாருங்கள்.