சம்மன் கைக்கு வராமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு: நிலத்தை மீட்க வழி உண்டா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு 40 சென்ட் நிலம் இருக்கிறது. 2021-இல் தெரிந்தவர் ஒருவரிடம் 5 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். அதற்கு ஈடாக, விலை 12 லட்சம், முன்பணம் 5 லட்சம், 11 மாதத்தில் கிரயம் என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொண்டார். பிறகு நான் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்துவிட்டேன். அவர் வழக்குப் போட்டு, 2023 நவம்பரில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கியிருக்கிறார். பத்து நாட்களுக்கு முன் நிறைவேற்று மனு நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்கு இது தெரியும். "கோர்ட்டிலிருந்து வந்து உன் வீட்டுக் கதவில் ஏதோ ஒட்டிவிட்டுப் போனார்கள்" என்று ஊரில் இருக்கும் சித்தப்பா முன்பொருமுறை போனில் சொன்னார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மேல்முறையீடு செய் என்கிறார் ஒரு நண்பர். புது வழக்குப் போடு என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது? – வாசகர், திருப்பூர்

பதில்: உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் கட்டளை 9, விதி 13-இன்படி, தீர்ப்பு வழங்கிய அதே நீதிமன்றத்திலேயே, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை (தீர்ப்பின்படி நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை) ரத்து செய்து வழக்கை மீண்டும் விசாரிக்கக் கோரி நீங்கள் மனு தாக்கல் செய்யலாம். உங்கள் நண்பர்கள் இருவருமே குறிப்பிடாத இந்த வழிதான் உங்களுக்கு முதன்மையானது. இதற்கு இரண்டு காரணங்களை மட்டுமே சட்டம் ஏற்கிறது. சம்மன் முறையாகச் சார்வு செய்யப்படவில்லை, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்படவில்லை, என்பது ஒன்று. வழக்கு அழைக்கப்பட்ட நாளில் ஆஜராக முடியாதபடி போதிய காரணம் தடுத்தது என்பது மற்றொன்று. உங்களுடையது முதல் வகை. பலர் இரண்டையும் கலந்து, ஊரில் இல்லை, உடல்நலம் சரியில்லை, வக்கீல் தகவல் சொல்லவில்லை என்று கிடைத்ததையெல்லாம் ஒரே பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் எளிதாக உடைவது அத்தகைய மனுதான்.

ஆகையால் மனு எழுதும் முன்பே வழக்குக் கட்டைப் பார்த்தாக வேண்டும். வழக்குரை, தீர்ப்புரை, தீர்ப்பாணை ஆகியவற்றுக்கு மட்டுமன்றி, சம்மன் சார்வு அறிக்கைக்கும், பத்திரிகை விளம்பரம் செய்ய அனுமதி கோரிய மனு ஏதும் இருந்தால் அதற்கும் அதன் உத்தரவுக்கும் சேர்த்து இன்றே நகல் மனு போடச் சொல்லுங்கள். வக்கீல்கள் சிலர் தீர்ப்பு நகலோடு நிறுத்திக்கொள்வதுண்டு. உங்கள் வழக்கின் உயிர் சார்வு அறிக்கையில் இருக்கிறது.

கட்டளை 5-இன்படி சம்மனை முதலில் பிரதிவாதியிடம் நேரில் கொடுக்க முயல வேண்டும். அவர் வீட்டில் இல்லை, நியாயமான காலத்துக்குள் கிடைக்கவும் வாய்ப்பில்லை என்றால், அவருடன் வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். தனிக்குடித்தனம் இருக்கும் சித்தப்பா அந்தக் கணக்கில் வரமாட்டார். கதவில் ஒட்டுவது இதற்கெல்லாம் பிந்தியது. உரிய கவனத்தோடு தேடியும் கிடைக்காதபோது மட்டுமே, அதுவும் பிரதிவாதி வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் வெளிக்கதவில் ஒட்ட விதி 17 அனுமதிக்கிறது. வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். அறிக்கை உறுதிமொழியுடன் சரிபார்க்கப்படாவிட்டால், சம்மன் கொண்டுசென்ற பணியாளரை நீதிமன்றம் பிரமாணத்தின் பேரில் விசாரித்த பின்பே சார்வு முறையானதா என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது விதி 19. "வீடு பூட்டியிருந்தது, ஒட்டப்பட்டது" என்ற ஒரே வரியோடு அறிக்கை முடிந்திருந்தால், அது உங்களுக்குச் சாதகம்.

அந்தத் தேதியில் நீங்கள் அந்த வீட்டில் வசிக்கவில்லை என்பதற்கு வாடகை ஒப்பந்தம், எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை முகவரி மாற்றம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வாதிக்கு உங்கள் திருப்பூர் முகவரி தெரியும் என்று காட்ட முடிந்தால் மனு இன்னும் வலுப்பெறும். அந்தக் காலத்தில் வட்டியை அவர் கைப்பேசி வழியாக வாங்கிக்கொண்டிருந்தால், அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது காலக்கெடு. காலவரம்புச் சட்டம், 1963-இன் 123-ஆவது உறுப்பு, தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாட்கள் தருகிறது. சம்மன் முறையாகச் சார்வு ஆகாதபோது, தீர்ப்பாணை பற்றித் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள் தொடங்கும். பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்றுவழிச் சார்வை இந்த உறுப்பின் நோக்கத்துக்கு முறையான சார்வாகக் கொள்ளக் கூடாது என்று அதன் விளக்கமே சொல்வதால், எதிர்த்தரப்பு விளம்பரத்தைக் காட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. உங்கள் கணக்குப்படி இன்னும் ஏறத்தாழ 20 நாட்கள் இருக்கின்றன. அதை முழுவதும் செலவழிக்க வேண்டாம்.

சித்தப்பா போனில் சொன்னதை மறைக்காதீர்கள். அவரைச் சாட்சியாக அழைத்தால் வெளிவந்துவிடும். வெளிவந்தால் மற்றெல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும். சட்டத்தில் அது உங்களுக்கு அவ்வளவு பாதகமானதும் அல்ல. தீர்ப்பாணை பற்றிய அறிவு என்பது ஏதோ ஒரு வழக்கைப் பற்றிய மேலோட்டமான செய்தி அல்ல, குறிப்பிட்ட அந்தத் தீர்ப்பாணையைப் பற்றிய தெளிவான அறிவாக இருக்க வேண்டும் என்று பன்னாலால் எதிர் முராரிலால் வழக்கில், பழைய காலவரம்புச் சட்டத்தின் இதே போன்ற உறுப்பைப் பொறுத்து, உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. விதி 13-இன் வரம்புரை (விதிக்குச் சட்டமே போடும் கட்டுப்பாடு) மட்டும் உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும்: பிரதிவாதிக்கு விசாரணைத் தேதி தெரிந்திருந்து, ஆஜராகிப் பதிலளிக்கப் போதிய அவகாசமும் இருந்திருந்தால், சார்வில் உள்ள குறைபாட்டை மட்டும் காட்டித் தீர்ப்பாணையை ரத்து செய்ய முடியாது. ஒட்டிய காகிதத்தில் என்ன தேதி இருந்தது என்று சித்தப்பா சொன்னாரா என்பதே அப்போது கேள்வியாகும்.

காலக்கெடுவுக்குள் இருக்கிறோம் என்ற நம்பிக்கை இருந்தாலும், காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். சார்வு முறையானதே என்று நீதிமன்றம் கருதிவிட்டால், உங்கள் தாமதம் 2023 நவம்பரிலிருந்து எண்ணப்படும். என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி வழக்கில் 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் 1998-இல் மன்னித்தது. நாட்களின் நீளத்தைவிட, சொல்லப்படும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதையே அது பார்த்தது. ஆனால் ஒவ்வொரு தாமதமும் இப்படி மன்னிக்கப்படும் என்று எண்ணிவிடக் கூடாது.

மேல்முறையீடும் உங்களுக்கு உண்டு. ஆனால் அதன் காலக்கெடு, மாவட்ட நீதிமன்றமானால் 30 நாட்கள், உயர் நீதிமன்றமானால் 90 நாட்கள் என்று தீர்ப்பாணை தேதியிலிருந்தே ஓடும். மேலும், மேல்முறையீடு திரும்பப் பெறப்படாமல் முடிவாகிவிட்டால் அதன் பிறகு விதி 13 மனு நிற்காது. விதி 13 மனு தோற்றால் தீர்ப்பின் தகுதி குறித்து மேல்முறையீட்டில் வாதிட இடமுண்டு என்பது பானுகுமார் ஜெயின் வழக்கின் (2005) தீர்ப்பு. எனவே எதை முதலில் எடுப்பது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. புது வழக்கு என்பது மோசடி செய்து தீர்ப்புப் பெற்றார் என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்கு உரியது. உங்களுக்கு அது கட்டணமும் காலமும் வீணாகும் வழி.

மனுவோடு எதிர்வழக்குரையையும் (வழக்குரைக்கு நீங்கள் தரும் எழுத்துப் பதிலையும்) தயாராகத் தாக்கல் செய்துவிடுவது நல்லது. வழக்கை இழுத்தடிக்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்ற வாதம் அதனால் வலுவிழக்கும். இது கடனுக்கு ஈடாக எழுதிய ஒப்பந்தம், விற்கும் எண்ணமே இல்லை என்பதை வாய்மொழிச் சாட்சியத்தால் நிரூபிக்கக் கங்காபாய் வழக்கின் (1982) தீர்ப்பு இடம் தருகிறது. வாதி மீதிப் பணம் 7 லட்சத்தோடு எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். குறித்த பரிகாரச் சட்டத்தில் 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தர மறுக்கும் விருப்புரிமை நீதிமன்றத்துக்கு முன்போல் இல்லை. ஆகவே இந்த வாதங்களைப் பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது. கந்துவட்டிப் புகார் கொடுப்பது உங்கள் உரிமை என்றாலும், அதனால் நிறைவேற்று மனு நிற்காது.

விதி 13 மனுவைத் தாக்கல் செய்துவிட்டதாலேயே நிறைவேற்றமும் நின்றுவிடாது. தடை கோரித் தனி மனு வேண்டும். தடை தரும்போதும், தீர்ப்பாணையை ரத்து செய்யும்போதும், செலவுத் தொகையையோ ஒரு பகுதிப் பணத்தையோ கட்டும்படி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம் என்பதால், கொஞ்சம் பணம் ஏற்பாடு செய்து வையுங்கள். மீதி விலையைத் தீர்ப்பாணை குறித்த காலத்துக்குள் வாதி கட்டினாரா என்பதையும் வழக்குக் கட்டில் பாருங்கள். கட்டவில்லை என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோர குறித்த பரிகாரச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு வழி தருகிறது.

நோட்டீஸில் உள்ள வாய்தாவுக்கு வக்கீல் மூலம் வக்காலத்து தாக்கல் செய்து ஆஜராகுங்கள். அன்றும் யாரும் வராமல், வரைவுக் கிரயப் பத்திரத்துக்கு ஆட்சேபணையும் சொல்லாமல் விட்டால், கட்டளை 21, விதி 34-இன்படி நீதிமன்றமே உங்கள் சார்பில் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிடும். அதன்பின் தீர்ப்பாணை ரத்தானாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவின் கீழ் மீட்பு மனு போட்டுத்தான் நிலத்தைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். இடையில் அது வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தால் அவரோடும் வழக்காட நேரும்.