தப்பான விரல்

அன்புள்ள சார்,

மூன்று வருடமாக குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். காலையில் நூலகம் திறக்கும்போது உள்ளே போனால், பூட்டும்போதுதான் வெளியே வருவேன். வீட்டுக்கு வந்தும் படிப்புதான். தூக்கம் நாலு மணி நேரம். இரண்டு முறையும் முதல்நிலையிலேயே சில கேள்விகளில் போய்விட்டது. ‘உழைப்பு கைவிடாது, கிரிக்கெட் நடராஜனைப் பார்’ என்கிறார்கள். என்னை மட்டும் ஏன் கைவிட்டது? இன்னும் அதிக நேரம் படிக்க வேண்டுமா?

பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நடராஜனை உதாரணம் காட்டுகிறவர்கள் அவருடைய ஊரான சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் கிளம்பி ஒரே தாவில் ஆஸ்திரேலியாவில் இறங்கிவிடுவார்கள். நடுவே 2015 இருக்கிறது. அந்த ஜனவரியில்தான் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார். பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. வருடக்கணக்காக டென்னிஸ் பந்தில் ஊறிய கை. அதே கையோடு இன்னும் பத்தாயிரம் பந்து போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோணல்தான் கெட்டிப்பட்டிருக்கும். பயிற்சியாளர்களின் உதவியோடு வீசும் முறையையே மாற்றினார். டிஎன்பிஎல் என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக், மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் பந்து, ஐபிஎல்லில் அதை வீசிப் பெயர்த்த டிவில்லியர்ஸின் ஸ்டம்ப் எல்லாம் அதற்கப்புறம்தான். பிறகு இந்தியாவுக்காக முதன்முதலில் 2020 டிசம்பர் 2-இல் ஒருநாள் ஆட்டம், 4-இல் டி20, 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேன் டெஸ்ட்.

என் கதை இதைவிடச் சின்னது. பிளஸ் டூ லீவில் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனேன். ‘ஏ’ எழுத்தைச் சுண்டுவிரலால் அடிக்க வேண்டும். பழைய ரெமிங்டனில் அந்தக் கீ கல் மாதிரி இருக்கும். மோதிர விரலால் அடித்துச் சமாளித்தேன். லோயர் என்கிற முதல் கட்டத் தேர்வுக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை வேண்டும். நான் 25-இல் நின்றுவிட்டேன். வீட்டில் கெஞ்சிப் பணம் வாங்கி, சாயங்காலமும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டேன். அதே 25. ஒருநாள் மாஸ்டர் நான் அடித்த தாளைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். தாளை உருவிவிட்டுப் புதுத்தாள் சொருகி, “ஏ எஸ் டி எஃப், முதல்லேர்ந்து” என்றார். வேகம் 15-க்கு இறங்கியது. பக்கத்து மெஷின் பையன் சிரித்தான். மூன்று வாரம் அவமானம், அப்புறம் லோயர் பாஸ். (அடுத்த கட்டமான ஹையர் எழுதவேயில்லை. அது சோம்பல், வேறு கதை.)

தூக்கத்துக்கு வருகிறேன். பத்தாயிரம் மணி நேரம் பழகினால் எதிலும் தேர்ந்துவிடலாம் என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, அதற்கு மூலம் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை. அதில் நன்றாக வாசித்தவர்கள் தனியே செய்த சாதகம் நாளுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம்தான். பின்தங்கியவர்களைவிட அதிகம் தூங்கவும் செய்தார்கள், மதியத் தூக்கம் உட்பட. மேடையில் இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இடங்கள் கொஞ்சம்தான். நன்றாகப் படித்தவர்களும் வெளியே நிற்பார்கள். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மனமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று இருக்கிறது, எந்தக் கேள்விகள் தவறின என்று இல்லை. கடைசியாக எழுதிய ஐந்து மாதிரித் தேர்வுகளை எடுங்கள். தப்பானவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பாடமே தெரியவில்லையா, இரண்டு விடைக்கு நடுவே ஊசலாடினீர்களா, கேள்வியை அவசரமாகப் படித்தீர்களா என்று பக்கத்திலேயே குறியுங்கள். திறனறிவில் வரும் 25 கேள்விகளுக்குத் தனிப் பக்கம்.

நோட்டு நிரம்பியதும் எழுதுங்கள். இன்று பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள்.